அனுமதிப்பத்திரமும் அறமும்

அரசாங்கம் அனுமதித்த ஒரு காரியத்தைச் செய்வது சட்டப்படி குற்றமாகாது. ஆனால் குற்றமாகாத யாவும் பாவமாகாமல் போகுமா என்பது வேறு வினா. சைவ சமயம் கொலை, களவு, கள், காமம், பொய் என்னும் ஐந்தையும் பஞ்சமாபாதகங்கள் என்று விலக்குகின்றது. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பிள்ளைகள் படிக்கும் நான்காம் பாலபாடத்திலேயே கள்ளுண்ணலைக் கண்டித்து எழுதினார். இவற்றைக் கேட்டறியாத அடியார் எவருமிலர். குடிப்பது தவறு என்பதில் இங்கு வழக்கில்லை. ஓர் ஊரவர் கூடி, “இது எங்கள் ஊரில் வேண்டாம்” என்று மற்றவருக்கும் சேர்த்து மறுக்கலாமா என்பதே வழக்கு.

முதலில் அனுமதி கொடுப்பவர் யார் என்பதைத் தெளிந்துகொள்வது நன்று. மதுபானச்சாலை திறக்கப்பட்டால் பலரும் பிரதேச சபைத் தவிசாளரையே ஏசுவர். மதுவுக்கான அனுமதிப்பத்திரம் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மதுவரித் திணைக்களத்தால் வழங்கப்படுவது. பிரதேச செயலாளரும் பொலிஸாரும் அறிக்கை கொடுப்பர். சபையின் கையிலுள்ளவை கட்டடம், வியாபார உரிமம், சுகாதாரம், களியாட்ட வரி முதலியனவே. கந்தோர் நடைமுறை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பிழையான கதவைத் தட்டி விட்டு, திறக்கவில்லை என்று வீடு திரும்புவதே வழக்கமாகிவிட்டது.

ஊரவர் விருப்பத்துக்குச் சட்டம் இடமளித்த காலமும் ஒன்றிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், ஒரு பகுதியில் தவறணை இருக்கலாமா என்று அப்பகுதி மக்களின் வாக்கையே கேட்கும் முறை வந்தது. 1920களிலும் 1930களிலும் குடாநாட்டின் பல பகுதிகள் அவ்வாறு வாக்களித்துத் தவறணைகளை மூடுவித்தன. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் மதுவிலக்கைப் பற்றி இங்கு பேசினார். அது பெருமைக்குரிய வரலாறுதான். ஆயினும் கடை மூடப்பட்டதால் குடி ஒழிந்துவிடவில்லை. மறைவில் விற்பனை நடந்தது. கள்ளுக்கு மரவரி முறை வந்தது. 1972 இல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, அவற்றின் தவறணைகள் தோன்றின.

இவ்விடத்திலேதான் அறத்தைப் பேசுவோர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பனையேறுவது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அதைச் செய்தவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகமே அவர் இறக்கிய கள்ளையும் குடித்தது. தவறணையை மூடு என்று கையொப்பமிட்டவரின் வீட்டு அலுமாரியில் வெளிநாட்டுப் போத்தல் இருந்தால் அந்த மனுவுக்கு என்ன பெறுமதி? வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் விமான நிலையத்தில் வாங்கிவரும் போத்தலுக்குப் பிரதேச செயலாளரின் அறிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை. கருப்பநீர், பனங்கட்டி முதலியவற்றுக்குச் சந்தை தேடிக் கொடாமல் கள்ளை மட்டும் நிறுத்தச் சொல்வது, ஒருவருடைய அடுப்பை அணைத்து மற்றவருடைய மனச்சாட்சியைக் குளிர்விப்பதாகும்.

அப்படியானால் தடுக்கவே கூடாதா? அவரவர் வினை அவரவர்க்கு என்று விட்டுவிடலாம் என்போர் உளர். குடிப்பவன் தன்னை மட்டும் கெடுத்துக்கொண்டால் அவ்வாதம் ஒருவேளை பொருந்தும். சம்பள நாளில் வெறுங்கையோடு வரும் கணவனின் மனைவியும், தனியார் வகுப்பு முடிந்து இருட்டில் சைக்கிளில் திரும்பும் பிள்ளையும் அந்த வினையைச் செய்தவர்களல்லர். ஆனால் அனுபவிப்பவர்கள் அவர்களே. ஆகவே மறுக்கும் உரிமை முதலில் அவர்களுடையது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதைத் தடைசெய்தது. 1974 முதல் பல்கலைக்கழகம் நிலைபெற்றுள்ள திருநெல்வேலியில், வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த ஒழுங்கைகளுக்கு இது ஏட்டுச் சட்டமன்று.

2024 இல் புதிதாக வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் விபரம் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, கிளிநொச்சி மாவட்டத்தில் மாத்திரம் 16 என்று அறிந்து மக்கள் திகைத்தனர். யுத்தத்தால் நொந்த ஒரு சிறிய மாவட்டம் அது. அங்குள்ள தாய்மாரை எவரும் வாக்குக் கேட்கவில்லை. நூறாண்டுக்கு முன் அந்நியர் ஆட்சியில் ஊரவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, சொந்தப் பிரதிநிதிகள் இருக்கும் காலத்தில் கேட்கப்படாமற் போனது வியப்பே.

இரவுக் களியாட்டங்களின் சங்கதி கோயிலுக்கு இன்னும் கிட்டியது. 2009 இன் பின் விடுதிகளும் மண்டபங்களும் பெருகின; நள்ளிரவு வரை இசை முழங்குகின்றது என்று அயலவர் முறையிடுகின்றனர். முறைப்பாடு நியாயமானது. ஆனால் விடிய விடியச் சின்னமேளமும் இசைக்குழுவும் நடத்திய திருவிழாக்கள் யாருடையவை? ஆலயங்களில் தாசிகளின் ஆட்டத்தை நாவலர் பெருமான் 19 ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தவர். உபயகாரர் போட்டி போட்டு ஒலிபெருக்கி கட்டியபோது, அயல் வீட்டில் நோயாளி கிடக்கின்றார் என்று எத்தனை பேர் எண்ணினர்?

2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பொதுவாகக் கட்டளையிட்டு, விசேட சமய நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்குக்கு இடம் வைத்தது. வெலிகமவிலுள்ள ஒரு பள்ளிவாசல் பற்றிய வழக்கு அது. தீர்ப்போ எல்லாச் சமயத்தவர்க்கும் பொருந்தியது. விலக்கு இருக்கின்றதே என்று கோயில் அதனை ஆண்டுதோறும் கேட்டு வாங்கினால், விடுதிக்காரரும் தமக்கொரு காரணம் காட்டுவார். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே பொலிஸ் நிலைய மேசைக்கே போகின்றன. சுவாமி வீதியுலா முடிந்து இருப்புக்கு வந்தபின் நடக்கும் மெல்லிசை எந்த ஆகமத்தில் விதிக்கப்பட்டது என்று அங்கிருக்கும் அலுவலர் கேட்டால், தர்மகர்த்தா சபையாரிடம் பதில் இருக்க வேண்டும். வரும் மகோற்சவத்துக்கான விண்ணப்பத்தில் “முடிவடையும் நேரம்” என்றொரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்பதை உபயகாரர் கூட்டத்தில் வைத்தே தீர்மானிக்கலாம். அக்கூட்டத்துக்கு அயல் வீட்டாரையும் அழைக்கலாம்.