வெள்ளரிக்காயின் மேல் விழுந்த பழி

2011 மே மாதம் வட ஜெர்மனியின் மருத்துவமனைகளில் இரத்தக் கழிச்சலோடு வந்து சேர்ந்தவர்கள் பலருக்குச் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் ஈ.கோலை என்னும் குடல் கிருமியின் கொடிய வகையான ஓ104:எச்4. இப்படிப்பட்ட தொற்று பெரும்பாலும் குழந்தைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். இம்முறை படுக்கையில் விழுந்தவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருந்த பெரியவர்கள். அவர்களிலும் பெண்களே அதிகம். தொற்று அடங்குவதற்குள் ஜெர்மனியில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 800க்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ் கீரை ஆகியவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாம் என்று மே 25 அன்று ராபர்ட் கோக் நிறுவனம் உள்ளிட்ட அரசு அமைப்புகள் வட ஜெர்மனி மக்களுக்கு அறிவுறுத்தின. மறுநாள் ஹாம்பர்க் நகர அரசு இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. சந்தையில் எடுத்த வெள்ளரிகளில் கிருமி இருப்பதாகவும், அவற்றுள் மூன்று ஸ்பெயினிலிருந்து வந்தவை என்றும் சொன்னது. மே 31 அன்று அதே ஹாம்பர்க், வெள்ளரியில் இருந்த கிருமியும் நோயாளிகளைக் கொன்ற கிருமியும் வேறு வேறு என்று அறிவித்தது.

இடைப்பட்ட நாட்களில் ஐரோப்பாவின் பல சந்தைகளில் ஸ்பெயின் காய்கறி விலைபோகவில்லை. வாரத்துக்கு 20 கோடி யூரோ இழப்பு என்றனர் அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள். ஜூன் தொடக்கத்தில் ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் காய்கறிகள் அனைத்துக்கும் தடை விதித்தது. ஸ்பெயினில் அப்போது வேலை தேடுவோரில் ஐவரில் ஒருவருக்கு வேலை இல்லை. கட்டுமானத் தொழில் சரிந்து, வங்கிகள் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். அல்மேரியா பகுதியின் பிளாஸ்டிக் பசுமைக்குடில்களில் பறித்த வெள்ளரி சில நாள்தான் தாங்கும். விலை திரும்பும்வரை காத்திருக்க வழியில்லை.

அப்படியானால் ஹாம்பர்க் வாய்மூடி இருந்திருக்க வேண்டுமா? அப்படிச் சொல்வது எளிது, சரியல்ல. நாள்தோறும் புதிய நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். நோய் தொடங்கியோர் எண்ணிக்கை மே 22 அளவிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது என்பது பிற்பாடு கணக்கிட்டபோதுதான் தெரிந்தது. முழு ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கும் அதிகாரி, அந்தக் காத்திருப்புக்கு அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கிறார். பணத்தை ஈடுகட்ட முடியும், செத்தவரை மீட்க முடியாது. எச்சரித்தது கடமை, அதில் ஐயமில்லை.

ஆனால் ‘இதை உண்ணாதீர்கள்’ என்பது ஒன்று, ‘இன்ன நாட்டிலிருந்து வந்தது’ என்பது இன்னொன்று. முதலாவதற்கு நியாயமான சந்தேகம் போதும். இரண்டாவது குற்றச்சாட்டு, அதற்குச் சந்தேகத்தைவிடக் கூடுதலான ஒன்று வேண்டும். அந்த வெள்ளரிகள் முற்றிலும் தூய்மையானவை அல்ல என்பதையும் மறைக்கக் கூடாது. நோய் தரக்கூடிய வேறொரு கிருமி அவற்றில் இருந்தது. ஆனாலும் அந்த உயிர்களுக்கு அவை பொறுப்பல்ல.

உண்மையைக் கண்டுபிடித்த விதம் கவனிக்கத்தக்கது. உணவகத்தில் உண்டவர்களுக்குத் தட்டில் என்னென்ன இருந்தன என்பது முழுமையாக நினைவில்லை. அதனால் ஆய்வாளர்கள் சமையற்காரர்களிடம் போய், ஒவ்வொரு பதார்த்தத்திலும் எதெது சேர்ந்தது என்று விசாரித்தார்கள். நோயுற்றவர் எல்லாருடைய தட்டிலும் முளைகட்டிய விதை இருந்திருக்கிறது. மேலே தூவிய ஒரு பிடி முளையை எவர் நினைவில் வைத்திருப்பார்? ஜூன் 10 அன்று வெள்ளரிக்கும் தக்காளிக்கும் லெட்டூசுக்கும் விடுதலை கிடைத்தது. மாத இறுதிக்குள் பிரான்சின் போர்தோ அருகிலும் அதே நோய் தலைகாட்டியது. இரண்டு இடத்து முளைகளுக்கும் பொதுவாக இருந்தது, 2009 இறுதியில் எகிப்திலிருந்து வந்த ஒரே தொகுதி வெந்தயம். அந்த விதைகளைச் சோதித்தபோது கிருமி சிக்கவில்லை. ஆயினும் இரண்டு நாடுகளில் தனித்தனியே தொடங்கிய தேடல் ஒரே மூட்டையில் வந்து முடிந்தது. ஒருவர் பெயரைச் சொல்ல இந்த அளவு வலு வேண்டும். வெள்ளரி விஷயத்தில் அது இல்லை. (கிருமி பட்ட விதையை ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் முளைக்க வைத்தால் கிருமியும் சேர்ந்து பெருகும். நம் வீடுகளிலும் வெந்தயம் முளைகட்டுகிறோம். வலுக்குறைந்தவர்களுக்கு வேகவைத்துக் கொடுப்பதே நல்லது.)

நாட்டின் பெயரைச் சொல்லாமல் இருந்தாலும் இழப்பு முழுதும் நின்றிருக்காது. ‘வெள்ளரி உண்ணாதீர்கள்’ என்ற ஒரு சொல் ஜெர்மன் தோட்டக்காரரையும் டச்சுத் தோட்டக்காரரையும் சேர்த்தே அடித்தது. எனவே அறக்கேள்வி எச்சரிக்கலாமா கூடாதா என்பதில் இல்லை, எச்சரிக்கை தவறாகிப்போனால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் இருக்கிறது. சாலை போட நிலம் எடுத்தால் அரசு இழப்பீடு தருகிறது. ஊரார் உயிரைக் காக்க ஒருவர் விளைச்சலைக் குப்பைக்கு அனுப்பினால் மட்டும் அது அவர் தலைவிதி ஆகிவிடுமா? ஐரோப்பிய ஒன்றியம் முதலில் 15 கோடி யூரோ தர முன்வந்து, எதிர்ப்புக்குப் பின் 21 கோடியாக உயர்த்தியது. விலையில் 30 விழுக்காடு என்றது 50 ஆயிற்று. பாதி விலை என்பது நியாயம் அல்ல, சமாதானம்.

முழுதாக ஈடுசெய்தால் தோட்டக்காரர்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்ற மறுப்பு உண்டு. ஈடு நிரபராதிக்குத்தான். அதே 2011இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையின் கிர்ணிப் பழத்தால் லிஸ்டீரியா என்னும் கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். உருளைக்கிழங்குக்கான இயந்திரத்தில், குளோரின் இல்லாமல், பழம் கழுவப்பட்டிருந்தது. பண்ணை திவாலானது, உரிமையாளர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த நட்டம் அவர்களுடையதே. ஆனால் நோய் பரவுவதற்குச் சற்று முன்னர் அங்கே வந்து உயர்ந்த மதிப்பெண் கொடுத்துப்போன தணிக்கையாளருக்கும் அதில் பங்குண்டு. தோட்டக்காரரே கூலி கொடுத்து அமர்த்தும் தணிக்கை உண்பவருக்குக் காவலாகாது.

2013 சீர்திருத்தத்தில் ஐரோப்பிய ஒன்றியம் வேளாண் நெருக்கடிகளுக்கென ஆண்டுதோறும் ஒரு நிதி ஒதுக்க வழிசெய்தது. ஆனால் அந்தப் பணம் உழவர்களுக்குச் சேரவேண்டிய நேரடி மானியத்தில் பிடித்தம் செய்து திரட்டப்பட்டது. இது அநீதி. எச்சரிக்கை காப்பது உண்பவரின் உயிரை. அதற்கான நிதியும் உண்பவர் செலுத்தும் பொது வரியிலிருந்தே வரவேண்டும். காய் பறித்து நாட்கூலி வாங்குபவருக்கும் அதில் பங்கு எழுதி வைக்கவேண்டும்.