வழி கூறலும் ஆய்வறமும்

முன்னுரை

ஆய்வு என்பது அறியப்படாத ஒன்றை அறிந்து, அறிந்ததைப் பிறர் ஏற்கும் வண்ணம் நிறுவிக் காட்டும் முயற்சியாகும். அறிதல், நிறுவுதல் என்னும் இவ்விரண்டனுள் முன்னது ஆய்வாளரின் அறிவைச் சார்ந்தது; பின்னது அவரது அறத்தையும் சார்ந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வறம் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் கருத்துத் திருட்டு என்னும் ஒரு குற்றத்தையும் அதனை அளக்கும் விழுக்காடுகளையும் சுற்றியே நிகழ்கிறது. திருட்டு என்னும் சொல், பொருளை இழந்தவர் ஒருவர் உளர் என்பதை உணர்த்துவது. அங்ஙனமாயின், மூல ஆசிரியர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன நிலையிலும், அவரே இசைவளித்த நிலையிலும் அது தவறாகுமா? ஆய்வில் நேர்மை என்பது யாருக்குச் செலுத்தும் கடன்? இவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

விதிகளும் அவற்றின் எல்லையும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறை, ஆய்வேடுகளில் காணப்படும் ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பகுக்கிறது. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை எனில் ஆறு திங்களுக்குள் திருத்திய வடிவத்தை அளித்தல் வேண்டும். 40 முதல் 60 வரை எனில் ஓராண்டுக் காலம் திருத்திய வடிவத்தை அளிக்க இயலாது. 60 விழுக்காட்டைக் கடப்பின் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களும் நூற்பட்டியலும் இக்கணக்கில் சேர்வதில்லை. இவ்வொழுங்குமுறையைத் தொடர்ந்து, 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த பாடம் ஒன்று முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது.

இவ்விதிகள் தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் விழுக்காடு என்பது சொற்களின் ஒப்புமையை மட்டுமே அளக்க வல்லது. பிறர் கருத்தைத் தம் சொற்களில் மாற்றி எழுதி மூலத்தை மறைத்தவர் அவ்வளவையில் குற்றமற்றவர் ஆகிறார். செல்லாத ஊருக்குச் சென்றதாகக் களப்பணி விவரம் தருபவரும் அதில் அகப்படுவதில்லை. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ் ஆய்வேட்டைக் கணினி தமிழாகவே கொள்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ எந்நூலோடும் சொல்லளவில் ஒவ்வாத பத்திகளையும், உலகில் இல்லாத நூல்களின் பெயர்களையும் நொடிப்பொழுதில் ஆக்கித் தருகின்றன. ஒப்புமை சுழியமாக உள்ள ஓர் ஆய்வேடு முழுதும் பொய்யாக இருத்தல் கூடும் என்பது இதனால் புலனாகும். எனவே ஆய்வறத்தின் அடிப்படையை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

தமிழ் மரபில் ‘வழி’

தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கிறது. வழிநூல் இழிந்ததெனக் கருதப்படவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதன் வகைகளைத் தொல்காப்பிய மரபியல் எண்ணிக் கூறுகிறது. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியனவாக நன்னூல் கூறும் எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வைக்கப்பெறுவது ‘வழி’ என்பதாகும். நூலை யாத்தவர் யார் என்பதற்கு அடுத்த நிலையில், அந்நூல் எதன் வழியில் வந்தது என்பது கேட்கப்படுகிறது. அப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே செய்துகொள்வதில்லை. அவருடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவர் செய்வது முறை. ஒரு நூலின் வழிக்கு அதனை அறிந்த பிறர் சான்றாக நிற்றல் வேண்டும் என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. தொல்காப்பியர் தம் விதிகள் பலவற்றை ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என முடிப்பதும் இவ்விடத்து நோக்கத்தக்கது.

இங்கு ஒரு தடை எழலாம். முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் அவ்வாறே எடுத்தாளுதல் பெருமை எனக் கருதிய மரபன்றோ இது? உரையாசிரியர்கள் பல இடங்களில் பெயர் சுட்டாமல் ‘ஒருசாரார்’ என்று மட்டும் கூறிச் செல்லவில்லையா? இத்தடை புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் அக்காலத்துக் கற்போர் மூல நூற்பாக்களை மனப்பாடமாக அறிந்தவர்; எடுத்தாளப்பட்ட தொடர் எவருடையது என்பதை உடனே உணர வல்லவர். அங்கே பெயர் சுட்டாமை மறைத்தல் ஆகாது. இன்றைய வாசகர்க்கு அவ்வறிவு உண்டெனக் கொள்ள இயலாது. ஆகவே மரபு மாறியதாகக் கருத வேண்டுவதில்லை. வாசகர் மூலத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் நோக்கம் அன்றும் இன்றும் ஒன்றே. அன்று நினைவு செய்த பணியை இன்று அடிக்குறிப்பு செய்கிறது. இதனால் மேற்கோள் சுட்டுதல் முன்னோர்க்குச் செலுத்தும் நன்றி என்பதைவிட, வாசகர்க்குச் செலுத்தும் கடன் என்பதே பொருத்தமாகும்.

பதிப்புப் பணி காட்டும் நெறி

இக்கடனைத் தமிழில் செவ்வனே செலுத்தியவருள் உ.வே. சாமிநாதையர் தலையாயவர். 1894ஆம் ஆண்டு வெளிவந்த அவரது புறநானூற்றுப் பதிப்பு இதற்குத் தக்க சான்று. தாம் ஒப்பிட்ட சுவடிகளையும் அவற்றை உதவியவர்களையும் முன்னுரையில் பதிவு செய்வது அவர் வழக்கம். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவ்விடங்கள் பதிப்பில் புள்ளிகளால் காட்டப்பெற்றுள்ளன. சங்க நடையில் தோய்ந்த அப்புலமைக்கு ஓர் அடியை இட்டு நிரப்புதல் அரிதாக இருந்திராது. நிரப்பியிருப்பின் அதனைக் கண்டறிவோரும் அக்காலத்து மிகச் சிலரே. அப்புள்ளிகளால் எவருடைய உடைமையும் காக்கப்படவில்லை. பாடிய புலவர் முறையிட வரப்போவதுமில்லை. பின்வரும் வாசகர் எதுவரை நம்பலாம் என்பதை அவை அறிவிக்கின்றன. அவர் தொகுத்த சுவடிகள் சென்னையில் அவர் பெயரால் 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஐயமுடையோர் அங்குச் சென்று மீண்டும் ஒப்பிட்டு நோக்கலாம்.

வழி மறைந்த ஆய்வு

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று வட இந்தியாவில் அறிவியல் துறையில் நேர்ந்தது. சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா, இமயமலைப் பகுதியில் கிடைத்தனவாகக் கூறிய புதைபடிவங்கள் பற்றி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கட்டுரைகள் வெளியிட்டு வந்தார். அப்படிவங்களுள் பல மொராக்கோ, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் போன்ற இடங்களிலிருந்து வந்தனவாதல் வேண்டும் என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலண்ட் 1989இல் ‘நேச்சர்’ இதழில் வெளிப்படுத்தினார். பின்னர் நடந்த விசாரணையிலும் குற்றம் உறுதியாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவன இரண்டு. படிவங்கள் கிடைத்த இடம் பல கட்டுரைகளில் தெளிவாகக் குறிக்கப்படவில்லை. பிறர் அவ்விடம் சென்று சரிபார்க்க வழியில்லாமற் போயிற்று. மேலும், இணையாசிரியர்களாகப் பெயர் தந்தோர் பலர் அனுப்பப்பெற்ற படிவங்களை ஆராய்ந்தனரேயன்றிக் களத்தைக் கண்டவரல்லர். அவர்களது நற்பெயரே பொய்க்குச் சான்றாயிற்று. இமயமலை நிலவியல் வரலாற்றை எழுதிய பிறர், அப்பதிவுகளுள் எவற்றை நீக்குவது, எவற்றை ஏற்பது என அறியாது இடர்ப்பட்டனர். இங்கு இழப்புற்றவர் மூல ஆசிரியர் எவருமல்லர். பின்வந்த ஆய்வாளர் அனைவருமே ஆவர்.

மொழித்துறை ஆய்வுகளில்

மொழி, இலக்கிய ஆய்வுகளில் இத்தகைய தவறு சிறிதாகத் தோன்றலாம். ஒருவர் எடுத்தாண்ட மேற்கோளை மூல நூலைக் காணாமலே எடுத்து, மூல நூலின் பக்க எண்ணையே அடிக்குறிப்பில் தருதல் பரவலாகக் காணப்படும் வழக்கம். முதலாமவர் செய்த அச்சுப்பிழை பத்து ஆய்வேடுகளில் சான்றாக நிலைபெறுவது இதனாலேயே. தம் கருதுகோளுக்கு முரணான பாடல்களை விட்டுவிடுதலும் இவ்வகையினதே. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் தாம் மறுக்கும் பாடத்தையும் உரையையும் எடுத்துக்காட்டிய பின்னரே மறுக்கிறார். மறுக்கப்பட்டவற்றை எண்ணிப்பார்க்கும் உரிமை வாசகரிடம் விடப்படுகிறது.

நாட்டார் வழக்காற்று ஆய்வில் இக்கடன் மேலும் விரிவடைகிறது. ஒப்பாரியோ கதைப்பாடலோ பாடித் தந்தவர் ‘தகவலாளி’ என ஒரு பட்டியலில் அடங்கிவிடுகிறார். அவர் எதற்கு இசைந்தார், பதிவு எங்கு உள்ளது, எழுத்தில் வடித்தபோது எவை மாற்றப்பட்டன என்பவை பெரும்பாலும் கூறப்படுவதில்லை. அதே நேரத்தில், வெளிப்படுத்தினால் அவருக்குத் தீங்கு நேரும் எனில் பெயரை மறைத்தலே அறமாகும். அங்கும் மறைத்தமையைக் கூறுதல் வேண்டும். மறைத்தமையைக் கூறாது மறைத்தலே வாசகரை ஏமாற்றுவதாகும்.

பொறுப்பு யாருடையது

தவறு செய்யும் மாணவரை மட்டும் குற்றவாளியாக்குதல் முறையன்று. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என மானியக் குழு 2009இல் விதித்தது. அக்கட்டாயம் 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கட்டணம் பெற்றுக்கொண்டு எதனையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. எண்ணிக்கையைக் கேட்ட அமைப்பு எண்ணிக்கையைப் பெற்றது.

விழுக்காட்டிற்கும் இதே நிலை நேரக்கூடும். ஒப்புமையைக் குறைத்தல் ஒரு தொழில்நுட்பமாகி, படித்தலின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். இதற்கு மாற்று, படிப்பவர் ஒருவர் உளர் என்னும் உணர்வே. நெறியாளர் சான்றிதழில் ஒப்பமிடுமுன் அடிக்குறிப்புகளுள் சிலவற்றையேனும் மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். களப்பதிவுகளைத் துறை நூலகத்தில் வைப்பு செய்தல் வேண்டும். வாய்மொழித் தேர்வில், கிடைக்காத சான்று எது, பொருந்தாத சான்று எது என வினவுதல் வேண்டும். இவற்றிற்குப் பொருட்செலவு மிகுதியன்று. காலமும் மனமுமே தேவை. ஒரு நெறியாளரின் கீழ் அவர் படித்தறிய இயலாத எண்ணிக்கையில் ஆய்வாளர்களைச் சேர்க்கும் துறை, இவற்றைக் கேட்கும் தகுதியை முன்னரே இழந்துவிடுகிறது.

முடிவுரை

ஆய்வில் நேர்மை மூல ஆசிரியரின் உடைமையைக் காப்பதோடு அமைவதன்று. ஆய்வாளர் சென்ற வழியில் வாசகரும் சென்று, வேண்டுமெனில் வேறு முடிவிற்கு வர இடமளித்தலே அதன் உயிர்நிலை. கருத்துத் திருட்டு, புனைந்த தரவு, மறைத்த முரண்சான்று, காணாத நூலைக் கண்டதாகச் சுட்டுதல் ஆகிய அனைத்தும் அவ்வழியை அடைப்பதால் ஒரே குற்றத்தின் பல வடிவங்கள் ஆகின்றன. விழுக்காட்டு விதிகள் அவற்றுள் ஒன்றை மட்டும், அதுவும் ஓரளவிற்கே, தடுக்க வல்லவை. எஞ்சியவை படிக்கும் நெறியாளரையும் வினவும் துறையையும் பொறுத்தன. நூலின் வழியைக் கூறுக என்று கேட்டது நம் இலக்கணம். பல்கலைக்கழகங்கள் அவ்வினாவைத் தம் ஆய்வேடுகள் ஒவ்வொன்றிடமும் மீண்டும் கேட்குமாயின், ஆய்வறம் தண்டனைக்கு அஞ்சிக் காக்கப்படும் ஒன்றாக இராது. ஆய்வின் இயல்பாகவே அமையும்.