குரலுக்கு எப்படிப் பெயர் மாற்றுவது?

பென்னாகரம் பக்கத்தில் எனக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை. அந்த ஊரில் நான் வேலை பார்த்த காலத்தில் எனக்குச் சோறு போட்டவர். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். போனை நோண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, ‘‘ஆயா, நீ ரேடியோவுல பேசினியாமே? அம்மா சொல்லுச்சு. யூடியூப்ல இருக்குதான்னு தேடட்டுமா?’’ என்றாள்.

புடைத்துக்கொண்டிருந்த முறம் அப்படியே நின்றது.

பேத்தி எழுந்து வெளியே போனதும் அக்கா என்னிடம் கேட்டார். ‘‘அது எங்கயாச்சும் இருக்குமா தம்பி?’’

இருக்க வேண்டும் என்று கேட்கிறாரா, இருந்துவிடக் கூடாது என்று கேட்கிறாரா? எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். 1994-ம் வருஷம். பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுக்கும் கொடுமைக்காக சேலம், தருமபுரி பெயரெல்லாம் பேப்பர்களில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் ஆரம்பித்திருந்தார்கள்; தருமபுரிக்கு அது 2001-ல்தான் வந்து சேர்ந்தது. ஒரு வானொலி நிலையத்திலிருந்து (எது என்பது இங்கே வேண்டாம்) டேப் ரிக்கார்டரோடு இரண்டு பேர் ஊருக்கு வந்தார்கள். அக்கா பேசினார். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது, மூன்றாம் நாள் குழந்தை மாமியார் கைக்குப் போனது, தான் எழுந்து தடுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எல்லாவற்றையும் சொன்னார். ‘தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய்’ என்றுதான் அறிவித்தார்கள். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை.

குரல் இருந்ததே! டீக்கடை ரேடியோவில் முதல் வரியிலேயே ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஒரு வாரம் அதே பேச்சு. மாமியார் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் மழை வந்தது, ராகி விதைத்தார்கள், மறந்துபோனார்கள். ரேடியோவில் வந்தது காற்றோடு போயிற்று.

இப்போதெல்லாம் எதுவும் காற்றோடு போவதில்லை.

எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும் என்று கத்துகிற கட்சி நான். பழைய ரேடியோ, டி.வி. நிகழ்ச்சிகள் யார் சொத்து? எண்பதுகளின் நடுப்பகுதி வரை வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டினார்கள். என் அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், முத்திரையோடு, இன்னும் பெட்டியில் இருக்கிறது. நம் காசு, நம் குரல். பிறகு நமக்கே ஏன் பூட்டு? இதே வாதத்தை பி.பி.சி.யின் தலைவராக இருந்த கிரெக் டைக் 2003-ல் சொன்னார். ஆவணக் கிடங்கை மக்களுக்குத் திறந்துவிடுவோம் என்று அறிவித்தார். பாவம், ஐந்தே மாதத்தில் வேறொரு விவகாரத்தில் பதவி விலகினார். 2005-ல் சோதனை முயற்சியாகக் கொஞ்சம் துண்டுகளை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே அது நின்றுபோனது. பிரான்சில் இனா என்ற ஆவண நிறுவனம் 2006-ல் பத்தாயிரம் மணி நேர நிகழ்ச்சிகளை இணையத்தில் திறந்தது. நம் பிரசார் பாரதியும் பழைய கச்சேரி, பேட்டி என்று யூடியூபில் போட்டு வருகிறது. நடு ராத்திரியில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நான்.

திறந்து வைக்க வேண்டும் என்பதற்குத் தருமபுரியிலேயே இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. 1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் புகுந்து ஊரையே நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த ஜூன் மாதத்து மாநிலச் செய்திகளில் வாச்சாத்தி வந்ததா? வந்திருந்தால் என்ன வார்த்தைகளில்? அன்றைய பேப்பரை லைப்ரரியில் புரட்டிப் பார்க்கலாம். ரேடியோவை எப்படிப் புரட்டுவது? சரோஜ் நாராயணசாமியின் குரல் இன்னும் நம் காதில் நிற்கிறது. எந்தத் தேதியில் என்ன வாசித்தார் என்பது நிற்கவில்லை. பிரசார் பாரதி வந்தது 1997-ல். அதுவரை வானொலி நேரடியாக அரசாங்கத்தின் வாய். அந்த வாய் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் நிரந்தரமாகக் கிடைக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மந்திரி பேசியதும் அக்கா பேசியதும் ஒரே டேப்பில், அடுத்தடுத்து இருந்தால்?

வாச்சாத்தி பெண்களுக்கு நடந்தது தீர்ப்பில் நிரந்தரமாக இருக்கிறது. அவர்கள் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் காவல் நிற்கிறது. எழுத்தில் அது சுலபம். பெயரை எடுத்துவிட்டாலும் விஷயம் குறையாது. குரலில்? மெஷின் வைத்துக் குரலை மாற்றலாம். மாற்றினால் அக்கா அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திய இடத்தில் என்ன மிஞ்சும்? அந்தக் குரலால்தான் ஊரே வாயடைத்துப் போனது. காட்டிக் கொடுத்ததும் அதே குரல்தான்.

‘ஒருமுறை ஒலிபரப்ப’ என்று சம்மதித்தவர் ‘என்றென்றைக்கும்’ என்று சம்மதித்ததாக ஆகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்புரிமைச் சட்டத்தில் ஒலிபரப்பியவருக்கு 25 வருஷ உரிமை உண்டு. பாடியவருக்கு உண்டு, இசையமைத்தவருக்கு உண்டு. தன் வாழ்க்கையை எடுத்துச் சொன்னவரிடம் மறுபடி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அதில் எங்கேயும் காணோம். ஆள் உயிரோடு இருக்கும்போது கதவைத் தட்டிக் கேட்பதற்கு என்ன செலவாகும்? பென்னாகரத்துக்கு பஸ் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அக்காவின் குரல் தேவைப்படலாம். தான் கேட்காமல் தன் பேத்திக்கு அது கேட்குமே என்ற பயத்தைத் தள்ளிவிட்டு அதைக் கொடு என்று அக்காவிடம் சொல்ல நான் யார்?

அதனால் அவரிடமே கேட்டேன். ‘‘இருந்தா போடச் சொல்லட்டுமாக்கா?’’

நொய்யை ஊதித் தள்ளினார். ரொம்ப நேரம் பேச்சில்லை.

‘‘அன்னைக்கு மாமியா பேட்டரிய புடுங்கி ஒளிச்சு வெச்சிட்டாங்க. ஊரே கேட்டுச்சு. நான் கேக்கல. ஒருக்கா எனக்கு மட்டும் போட்டுக் காட்டச் சொல்லு தம்பி. நான் என்ன சொன்னேன், எப்பிடிச் சொன்னேன்னு பாத்துட்டு சொல்றேன், அவ கேக்கலாமா வேணாமான்னு.’’

ஊர் திரும்பியதும் அந்த நிலையத்தில் விசாரித்தேன். அப்போதெல்லாம் டேப்புக்குத் தட்டுப்பாடு சார், ஒலிபரப்பானதும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவோம் என்றார் ஒரு பெரியவர். உலகம் பூராவும் இதே கதைதான்; ‘டாக்டர் ஹூ’ தொடரில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளை பி.பி.சி. இப்படித்தான் தொலைத்தது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுக்கூட போன் செய்தார். ‘‘கெடைச்சுதா தம்பி?’’ என்றார்.