கேட்பது

கேட்பது என்ற ஒரே வினைச்சொல் நம் மொழியில் காது கொடுப்பதையும் குறிக்கிறது, வினவுவதையும் குறிக்கிறது. வன்முறைக்கு உள்ளான ஒரு பெண்ணின் முன் உதவிக்கென்று உட்காருபவரின் அறம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் சோதனைக்குள்ளாகிறது. காது கொடுப்பவர் காத்திருக்கிறார். வினவுபவர் எதையோ பெற்றுப்போக வந்திருக்கிறார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு அரிசியும் படகும் வந்ததுபோல மன ஆறுதல் சொல்பவர்களும் வந்தார்கள். பேசிவிட்டால் ஆறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இதற்குக் கடிவாளம் போட்டன. நடந்ததை விவரிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடும் இதையே சொன்னது.

ஆனால் ஆரம்பாக்கம் பக்கத்துப் பழவேற்காடு ஏரியை நினைத்தால், பிரச்னை மனத்தோடு நிற்பதில்லை. அந்த ஏரியின் மீனவ ஊர்கள் பலவற்றில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பாடு ஆண்களுடையது. கணவன் அடித்ததைச் சொல்பவள் தன் அடுப்பையும் பணயம் வைத்தே சொல்கிறாள். வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில் ஆலோசகரைத் தேடிப் போவதே ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. ‘சொல்லும்மா’ என்றவர் சில மாதங்களில் ஜீப் ஏறிவிடுவார். அவள் அதே குழாயடியில் நிற்க வேண்டும்.

அதற்காக மௌனம் உயர்ந்ததாகிவிடாது. மானத்தின் பெயரால் ஊர் விதிக்கும் மௌனம் அடித்தவனுக்குத்தான் காவல். வன்புணர்ச்சிக்கு உள்ளானவளின் அடையாளத்தை வெளியிடுவதை 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 228ஏ பிரிவு குற்றமாக்கியது. அவளே எழுத்தில் அனுமதித்தால் வெளியிடலாம் என்றும் இடம் வைத்தது. 2024 ஜூலையிலிருந்து இது புதிய சட்டத்தின் 72-ஆம் பிரிவு. மௌனத்தின் சாவி அவளிடம் இருக்க வேண்டும் என்ற அளவுக்குச் சட்டம் சரியாகவே யோசித்திருக்கிறது.

இரவு தங்க ஓர் இடம், மருத்துவரிடம் போகத் துணை, அவள் பெயரில் கொஞ்சம் காசு: இவற்றைத் தர அவளுடைய கதை முழுவதும் தேவையில்லை. கதையை விலையாகப் பெற்றுக்கொண்டு தரும் உதவி ஒரு வியாபாரம்.

எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. அவள் சொல்லாமல் விட்டதைச் சொல்வது இலக்கியத்தின் உரிமை என்று எண்ணிவருகிறோம். அந்த உரிமையை அவளிடம் யார் கேட்டார்கள்?