பார்க்க வேண்டிய இடம் எது?

பல்கலைக்கழகத்துக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? கோபுரத்தை, மணிக்கூண்டை, நூறு வருசத்துக் கட்டடத்தை என்கிறார்கள். பழசாகிவிட்டால் மட்டும் ஓர் இடம் வரலாற்றுச் சின்னமாகிவிடுமா? எது சின்னம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

மெரினா எதிரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நிற்கிறது. 1874இல் தொடங்கி 1879இல் முடித்த கட்டடம். அழகுதான், மறுக்கவில்லை. வடிவமைத்த ராபர்ட் சிஷோமின் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள். செங்கல் சுமந்த சித்தாளின் பெயரைக் கேட்டால் பதில் இல்லை. ஒசூர் சிப்காட்டில் கலவை சுமக்கிற, விடியறதுக்கு முன்னே ரயிலேறி பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போகிற எங்கள் பெண்களுக்கு இது புதுசில்லை. கட்டி முடித்த மறுநாளே வாட்ச்மேன் அவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவான்.

சின்னம் என்பதற்கு இந்த மண்ணில் வேறொரு அளவுகோலும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எங்கு பார்த்தாலும் நடுகல். மாடு மீட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று பெயர் சொல்லி நிறுத்திய கல். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்கிற நாயின் பெயரையும் 7ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டினார்கள். கோபுரம் கட்டியவனின் செல்வத்தைச் சொல்லும். நடுகல் செத்தவன் கொடுத்த விலையைச் சொல்லும்.

இந்த அளவுகோலோடு போனால் நாம் முதலில் பார்க்க வேண்டியது மகாராஷ்டிரத்து ஔரங்காபாத்தில் இருக்கிறது. ஊருக்கு இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். 1950இல் அம்பேத்கர் மிலிந்த் கல்லூரியைத் தொடங்கிய ஊர் அது. அங்கிருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைக்க 1978 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே கிராமம் கிராமமாகத் தலித் குடிசைகள் எரிந்தன. போச்சிராம் காம்ப்ளே கொல்லப்பட்டார். பெயர் கிடப்பில் போனது. 1993இல் கௌதம் வாக்மாரே தீக்குளித்தார். 1994 ஜனவரி 14 அன்றுதான் பெயர் வந்தது. அதுவும் முழுசாக இல்லை, பழைய பெயரோடு ஒட்டி: டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம். ஒரு பெயருக்குப் பதினாறு வருசம், அத்தனை உயிர். இன்றைக்கும் அந்த நாளில் எழுத்தறியாத கிழவிகள்கூடக் கிராமத்திலிருந்து வந்து பல்கலைக்கழக நுழைவாயிலைக் கும்பிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு அது வெறும் வாயிலில்லை, நடுகல்.

இன்னொரு இடம் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் 2016 ஜனவரியில் அம்பேத்கர் படத்தோடும் படுக்கையோடும் வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் குடியேறினார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாட' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊருக்கு வெளியே தள்ளிய நம்ம சேரிதான் அது. அந்த ஐவரில் ஒருவரான ரோகித் வெமுலா ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். 2019இல் நிர்வாகம் வெலிவாடவை அகற்றியது. சிஷோமின் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்குகிற நாட்டில் நாலு தட்டியும் ஒரு படமும் கண்ணை உறுத்துகின்றன.

"நம்ம சாவையும் டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கணுமா தோழர்? வர்றவன் போட்டோ புடிச்சிட்டுப் போயிருவான்" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. எரிந்த குடிசையை வந்து பார்த்துவிட்டு டீ குடித்துப் போனவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். வலியைக் காட்சிப் பொருளாக்குவது அறமில்லை. ஆனால் பார்க்காதே என்று மூடிவைத்தால் யாருக்கு லாபம்? அகற்றியவனுக்குத்தான். வேடிக்கை பார்க்கிறவனும் சாட்சியும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். திரும்பி வந்து தன் வாசலில் நடப்பதைச் சொல்கிறானா இல்லையா என்பதில்தான் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

நான் எம்.ஏ. படித்த கல்லூரியில் உதவித்தொகைப் பட்டியல் வரும்போதெல்லாம் "எஸ்.சி. பசங்க எந்திரிங்க" என்பார்கள். அறுபது பேருக்கு நடுவில் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்போம். சிலர் எழவே மாட்டார்கள். பணம் போனாலும் பரவாயில்லை என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த வகுப்பறையும் என் கணக்கில் ஒரு வரலாற்றுச் சின்னம்தான். அதற்கு வழிகாட்டிப் பலகை வைக்க எந்த நிர்வாகமும் வராது.

ஒசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் படிக்கிற தம்பி தங்கைகளே, டூர் போங்க, கோபுரமும் பாருங்க. கூடவே, இங்கே யாரை உள்ளே விடவில்லை, உள்ளே வந்தவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்று கேளுங்க. திரும்பி வந்ததும் உங்கள் கல்லூரியைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டு எழுதுங்க. நம் நடுகற்களை நாம்தான் நட வேண்டியிருக்கிறது.