கைபேசி காணாத தெரு

ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல ஆன்டெனாக்கள் வழியே பல தரவோடைகளை அனுப்பும் மைமோ முறை, கட்டடங்களில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேரும் அலைகளை நம்பியே இயங்குகிறது. 1996-இல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்ட் ஃபொஷினி எழுதிய கட்டுரைக்கு முன்வரை இந்தத் தெறிப்பு பெரும்பாலும் தொல்லையாகவே எண்ணப்பட்டது. மைமோ இந்தத் தெறிப்பையே நம்பியிருப்பதால், மைமோ கைபேசியைச் சோதிப்பவர் தெறிப்பு நிகழும் சூழலையும் ஆய்வகத்துக்குள் உண்டாக்கியாக வேண்டும். இதற்கான அலைமீளா அறையில், கரி ஏற்றிய நுரைக்கூம்புகள் சுவர்களை மூடியிருப்பதால் அவற்றில் படும் அலை அநேகமாக அங்கேயே அடங்கிவிடுகிறது. நடுவில் நிற்கும் கைபேசியைச் சூழ்ந்த ஆன்டெனா வளையம், சேனல் எமுலேட்டர் என்னும் கருவி கணக்கிட்டுத் தரும் தாமதத்தோடும் வலிமையோடும் அலைகளை உமிழ, அசையாத கைபேசிக்கு நகரத் தெருவில் ஓடும் வண்டிக்குள் இருப்பது போன்ற அலைப்புலம் கிடைக்கிறது.

இந்தத் தெரு மெய்யா, பொய்யா என்னும் வினாவுக்குப் புறப்பொருள் இன்றியே அறிவு எழும் என்று விம்சதிகா என்னும் நூலில் வாதிட்ட பௌத்த மெய்யியலாளர் வசுபந்துவின் விடை முதலில் கவர்ச்சியாகத் தோன்றினாலும், கைபேசியை அடையும் அலைகள் புறத்திலிருந்தே வருவதால் அது இங்கே முழுமையாகப் பொருந்தாது. நியாய மரபின் அன்யதாக்யாதி, அதாவது ஒன்றை வேறொன்றாக அறிதல் என்னும் கொள்கை, இன்னும் நெருங்கி வருகிறது: கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சும்போது கயிறும் மெய், வேறிடத்தில் முன்பு கண்ட பாம்பும் மெய், இரண்டையும் பிணைத்ததே பிழை. அறையின் அலைகளும் மெய்யானவை, எமுலேட்டரின் கணக்குக்கு அளவுகள் தந்த தெருக்களும் எங்கோ உள்ளவை. ஆனால் பிணைத்தவர் யார்? பொறியாளர் ஏமாறவில்லை, கைபேசியோ உண்மைத் தெருவிலும் தெருவைக் கண்டதில்லை, ஆன்டெனாக்களுக்கு இடையிலான எண்களின் அணியொன்றை மட்டுமே அது கணிக்கிறது. கயிறும் பாம்பும் இருக்க, அஞ்சி ஓடத்தான் ஆளில்லை.

பயன் விளைக்கும் ஆற்றலே உள்ளதன் இலக்கணம் என்ற பௌத்த மெய்யியலாளர் தர்மகீர்த்தியின் அளவுகோலில், கைபேசியை மெய்த்தெருவைப் போலவே இயக்குவதால், இந்தத் தெரு தேறிவிடும். எனினும் இந்தத் தெருவுக்கு எல்லை உண்டு. வளையத்தின் நடுவே, ஆன்டெனாக்களின் எண்ணிக்கைக்கும் அலைநீளத்துக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் சிறு சோதனை வட்டத்துக்குள் மட்டுமே புலம் சரியாக அமைவதால், சோதனைக்கு முன் அளவு ஆன்டெனா ஒன்றை அந்த வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்த்திக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வட்டத்துக்கு வெளியேயும் அதே அலைகள்தாம் பரவுகின்றன. அங்கே தெரு இல்லை.