பழைய பானெட்டும் கேட்காத கேள்வியும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாகட்டும்.

போன வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவரிடம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 கார் இருக்கிறது. வேகத்துக்குப் பெயர் போன வண்டி. 2020-ல் இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன. இடித்ததில் அதன் பானெட் மடங்கிவிட்டது.

"ஹஜ்ரத், புதிதாக வாங்கினால் விலை அதிகம், வரவும் நாளாகும். ஒருவர் அதே பானெட்டைப் பழையதாகப் பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறார். ஆனால் பில் கிடையாது, எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்காதே என்கிறார். நான் காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன்? திருட்டுப் பொருள் என்று எனக்குத் தெரியாதே! இது கூடுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி காருக்கு மட்டும் உரியதல்ல. பழைய செல்போன் வாங்குபவருக்கும் பழைய நகை வாங்குபவருக்கும் இதே கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பொருளை வாங்குவதும் விற்பதும் ஹலால். விபத்தில் நொறுங்கி, இனி ஓடாது என்று முடிவான கார்களில் நல்ல பாகங்கள் மிஞ்சும். அவற்றைக் கழற்றி விற்பது நேர்மையான தொழில். சென்னை புதுப்பேட்டையில் எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் ஹலாலாகச் சாப்பிடுகின்றன. ஒருவர் கையில் இருக்கும் பொருள் அவருடையது என்றே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணமில்லாமல் யாரையும் சந்தேகிப்பதை சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

அப்படியானால் அந்த இளைஞர் சொன்னது சரிதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை சகோதரர்களே! தெரியாமல் இருப்பது வேறு. தெரிந்துவிடுமோ என்று கேட்காமல் இருப்பது வேறு. விலை பொருந்தவில்லை, பில் இல்லை, கேட்காதே என்று விற்பவரே சொல்கிறார். இதற்குப் பிறகும் மனம் அமைதியாக இருக்கிறது என்றால், அது நல்லெண்ணம் அல்ல. நமக்கு வசதியான மௌனம். சந்தேகமானவற்றில் விழுபவரை, வேலியிடப்பட்ட நிலத்தின் ஓரத்தில் ஆடு மேய்க்கும் இடையருக்கு நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். ஆடு உள்ளே போக எவ்வளவு நேரமாகும்?

நாட்டின் சட்டமும் இதையே பேசுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்கியவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கியவரையும் சேர்க்கிறது.

ஃபிக்ஹ் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீங்கள் உண்மையிலேயே தெரியாமல் வாங்கியிருந்தாலும், திருடப்பட்ட பொருள் உரியவருடையதுதான். அவர் வந்து நிரூபித்தால் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் காசை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். காலையில் தெருவில் வந்து பார்த்து, தன் காரின் பானெட் இல்லாமல் நின்ற அந்த மனிதரை யோசித்துப் பாருங்கள். அவருடைய ஹக்கு உங்கள் வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, விற்பவருக்கு ஒரு வார்த்தை. அன்று சிலர் ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியும்படி செய்து விற்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். இன்று நசுங்கிய தகட்டின் மேல் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, 'ஒரிஜினல்' என்று விற்பதும் அதே வேலைதான். பூட்டு வளைந்ததைச் சொல்லாமல் விற்ற பானெட் வேகத்தில் திறந்து கண்ணாடியை மறைத்தால், போவது பணம் மட்டுமல்ல, உயிர்.

வாங்கியவரும் ஒருநாள் விற்பவர் ஆவார். அந்தக் காரை நீங்கள் விற்கும்போது, "இடித்தது, பானெட் மாற்றியிருக்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். விலை கொஞ்சம் குறையும். உண்மை பேசி, குறையைச் சொல்லும் வியாபாரத்தில்தான் பரக்கத் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

அந்த இளைஞர் என் முன்னாலேயே விற்பவருக்கு போன் செய்தார். "எந்த வண்டியில் கழற்றியது, பில் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். இன்றும் அவருடைய கார் ஷெட்டில்தான் நிற்கிறது. அவரோ பைக்கில் ஜும்ஆவுக்கு வருகிறார். அவர் இழந்தது சில மாதங்கள்; காத்துக்கொண்டது தன் தீனை.

கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவையும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேர்மையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.